கடல்பாசி எடுக்குற கேமை ஐஜிஎஃப் (தனி ஆளுங்க, சின்னக் குழுக்கள் பண்ற கேம்களுக்கான சர்வதேச விழா) போட்டிக்கு அனுப்பலாமா? காத்தோட பேரை மாத்தணுமா?

தென்கடல்_பையன்:
வணக்கம். ஊரு பாம்பன். ரெண்டு வருஷமா ஒத்த ஆளா கோடாட்ங்குற கேம் பண்ற மென்பொருள்ல ஒரு கேம் பண்ணிட்டிருக்கேன். பாசிக்குப் போற ஒரு அம்மாதான் நாயகி. முங்கி, பாறையில இருக்குற மரிக்கொழுந்துப் பாசியைப் பிச்சு, இடுப்புப் பையில திணிச்சு, மூச்சு முட்டுறதுக்குள்ள மேல வரணும். சண்டை கிடையாது. சுறாவும் கிடையாது (எல்லாரும் முதல்ல கேக்குறது அதைத்தான்).

எங்கம்மா இருபது வருஷம் பாசிக்குப் போனவங்க. போன மாசம் அவங்க கையில கீபோர்டைக் குடுத்தேன். ரெண்டு தடவை முங்குனாங்க. "கால்ல தகரம் எங்கடா?"ன்னாங்க. பாறை கிழிக்காம இருக்க உள்ளங்காலுக்கு அடியில தகடு வச்சுக் கட்டுவாங்க, விரல்ல துணி சுத்துவாங்க. துணி போட்டிருந்தேன், தகரத்தை மறந்துட்டேன். அடுத்து மூச்சு. ஒன்றரை நிமிஷம் வச்சிருந்தேன். "இவ்வளவு நேரம் அடியில கிடந்தா பாசி வராது, பொணம்தான் வரும்"னாங்க. நாப்பது செகண்டா குறைச்சேன். அப்புறம்தான் அது கேமாவே ஆச்சு.

பிரச்சினை இதான். தினமும் காலையில காத்தைப் பாத்து எந்தப் பக்கம் போறதுன்னு முடிவெடுக்கணும். கச்சான் அடிச்சா தென்கடல் கலங்கிக் கிடக்கும், வடகடலுக்குப் போகணும். வாடைன்னா தலைகீழ். கூட்டாளி ஒருத்தன், கச்சான்னா வெளிநாட்டு நடுவருக்கு என்ன தெரியும், இங்கிலீஷ்ல தென்மேற்குக் காத்துன்னு போடுங்குறான். போன வருஷம் வேற ஒரு போட்டிக்கு அனுப்பி, நடுவர் ஒருத்தர் நாலே நிமிஷம் ஆடிட்டு மூடிட்டார். கட்டுன காசும் போச்சு. அதான் பயமா இருக்கு.

கோடம்பாக்கம்_கோடர்:
தம்பி, பேரை மாத்தாதீங்க. 2019ல ஐஜிஎஃப் பெரிய பரிசு வாங்கினது 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. லூகாஸ் போப் பண்ணது. கப்பல்ல இருந்த 60 பேருக்கும் என்ன ஆச்சுன்னு நாம கண்டுபிடிக்கணும். போஸன், மிட்ஷிப்மேன், டாப்மேன்னு கப்பல்காரங்க பேச்சு அப்படியே இருக்கும். எனக்கு ஒரு எழவும் புரியல, ஆனா விடிய விடிய ஆடினேன்.

2024ல அதே பரிசு நம்ம 'வெண்பா'வுக்கு. டொரன்டோல பண்ண தமிழ்ச் சமையல் கேம். அந்த வருஷமே பிரிட்டனோட பாஃப்டா விருதுல முதல் படைப்புக்கான விருதும் வாங்குச்சு. இட்லின்னா என்னன்னு பாடம் எடுக்காம, தட்டுகளைக் கையில குடுத்து ஆவி எல்லாத்துக்கும் போற மாதிரி அடுக்குன்னு விட்டுருவாங்க. உங்க கேம் எப்படி ஆரம்பிக்குது?

தென்கடல்_பையன்:
அண்ணே, மன்னார் வளைகுடா பத்தி மூணு பக்கம் எழுத்து. 21 தீவு, தேசியப் பூங்கா, அப்படின்னு.

கோடம்பாக்கம்_கோடர்:
அப்ப அந்த நாலு நிமிஷத்துல மூணு அங்கேயே போயிருச்சு. தூக்கிப் போடுங்க. முதல் நிமிஷத்துலயே தண்ணிக்குள்ள தள்ளுங்க. ஒலிக்குத் தனி விருது இருக்கு. உங்க கேமுக்கு அதுதான் பொருத்தம்னு தோணுது.

கீழக்கரை_துபாய்:
விருதை நம்பி உக்காராதீங்க. கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல டெமோ போடுங்க முதல்ல. கேடயத்தை வச்சு சோறு பொங்க முடியாது.

மண்டபம்_மீனா:
எங்க வீட்லயும் பாசிக்குப் போவாங்க. ஒண்ணு சொல்லட்டா? கச்சான்னு எழுதிட்டு, பக்கத்துலயே படகுல ஒரு கொடியைப் பறக்க விடுங்க. மூணாவது நாள்ல எந்த ஊருக்காரனுக்கும் புரிஞ்சிரும். நாங்க மட்டும் அகராதி பாத்தா கத்துக்கிட்டோம்? அப்புறம், தனியா யாரும் போக மாட்டாங்க. கூட ஆள் வேணும், பேச்சு வேணும். வத்தையில (சின்னப் படகுல) ஏறுனதுமே ஊர்க்கதை ஆரம்பிச்சிரும்.

தென்கடல்_பையன்:
அக்கா, இது எனக்கு உறைக்கவே இல்ல. அவங்க தனியா முங்குறதுதான் அழகுன்னு நெனச்சிட்டிருந்தேன். அம்மாகிட்டக் கேட்டேன். "மேல வந்ததும் பக்கத்துல எத்தனை தலை தெரியுதுன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் அடுத்த முங்கு"ன்னு சாதாரணமா சொல்றாங்க. ரெண்டு வருஷமா இதைச் சொல்லவே இல்ல, நானும் கேக்கல. மேல வந்ததும் எண்ணுற மாதிரி மாத்துறேன். கேம் மூணு வாரம் தள்ளிப் போகும், போகட்டும்.

மூணு பக்க எழுத்தைத் தூக்கியாச்சு. கொடி போட்டாச்சு. தகரம் பாறையில உரசுற சத்தம் சரியில்லைன்னு அம்மா இன்னமும் சொல்லிட்டிருக்காங்க. கரைக்குப் போய்ப் பதிவு பண்ணணும், ஆனா நாலு நாளா கச்சான். மைக்குல காத்து மட்டும்தான் விழுது.