பதினான்கில் மிஞ்சியது மூன்று

குழு: பெரிய வீடு

ஞாயிறு

அக்கா (இரவு 9:40): எல்லோரும் சாட்சி. நாளையிலிருந்து என் வாழ்க்கை மாறப் போகிறது. காலைக்கு 9, இரவுக்கு 5, ஆக மொத்தம் 14 வேலை. எல்லாம் எனக்காக மட்டும். (படம்)

நான் (9:43): மூன்று நிறப் பேனாவா? பத்தாம் வகுப்பில் படிப்பு அட்டவணையும் இப்படித்தான் போட்டாய். சுவரில் ஒட்டியதோடு சரி.

அக்கா (9:43): நீ சும்மா இரு.

அத்தான் (9:47): 8-ஆவது வரியைக் கவனிக்கவும். ‘முகப் பராமரிப்பு, 20 நிமிடம், காலை 7 மணி.’ வீட்டில் குளியலறை ஒன்றுதான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அம்மா (9:50): நல்ல விஷயம்தானே. செய்யட்டும். ஏன் ஆளாளுக்குக் கேலி செய்கிறீர்கள்?

பாப்பா (10:35): பாட்டி, போன தடவை எத்தனை நாள் ஓடியது என்று கேளுங்கள்

அக்கா (10:36): நீ இன்னும் தூங்கவில்லையா?

பாப்பா (10:36): நீங்களும்தான்

மாமா (11:52): நைட் ஷிஃப்ட். இடைவேளையில் இப்போதுதான் பார்க்கிறேன். 5 மணிக்கு எழப் போகிறவளுக்கு இந்நேரம் ஆன்லைனில் என்ன வேலை?

அக்கா (11:53): இதோ போய்விட்டேன் மாமா.

திங்கள்

அக்கா (காலை 5:04): எழுந்துவிட்டேன்!!

அக்கா (5:41): தியானம் முடிந்தது. நடுவில் தூங்கிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம்.

நான் (7:30): குறட்டை விட்டிருந்தால் அத்தான் சொல்லியிருப்பார்.

அத்தான் (7:34): நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்

அக்கா (காலை 5:33): இன்று அரை மணி தாமதம். பரவாயில்லை. நடையை வெட்டிவிட்டு மீதியைப் பிடிக்கிறேன்.

புதன்

அத்தான் (காலை 7:10): இன்று நேர்முக வர்ணனை கிடையாது. வர்ணனையாளர் தூங்குகிறார்.

வியாழன்

அக்கா (இரவு 8:55): அந்தப் படத்தை எல்லோரும் போனிலிருந்து அழித்துவிடுங்கள். செவ்வாய் இரவு ஆஃபீஸ் வேலை முடியவே 12 ஆகிவிட்டது. புதன் 7 மணிக்குத்தான் கண் விழித்தேன். முதலாவதே போச்சு, இனி மீதி எதற்கு என்று எதையுமே செய்யவில்லை. இன்றைக்கும் இல்லை. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். எனக்கு 2 நாள்கூடத் தாங்கவில்லை.

சித்தி (9:06): இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். முதலில் அந்த 21-ஐ விடு. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது அது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். அந்தக் ‘குறைந்தது’ வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. வெறும் 21 மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறது.

நான் (9:08): அப்படியானால் உண்மையில் எத்தனை நாள் சித்தி?

சித்தி (9:13): லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். தினமும் ஒரே சந்தர்ப்பத்தில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது போல, ஒரே ஒரு சின்னச் செயல். யோசிக்காமல் கை தானாகப் போகும் நிலைக்கு வரச் சராசரி 66 நாள். சிலருக்கு 18. சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கு வந்தது.

அம்மா (9:14): 254 நாளா? அதற்குள் ஒரு பிள்ளையே பெற்றுவிடலாம்.

சித்தி (9:15): பெற்றுவிடலாம்தான் அக்கா. ஆனால் அதில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. மறுநாள் செய்தால் போதும். இவள் புதன்கிழமை தூங்கியதில் தப்பே இல்லை. வியாழனையும் சேர்த்துத் தூக்கிப் போட்டாளே, அதுதான்.

அக்கா (9:17): சரி சித்தி. 14-இல் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

சித்தி (9:18): நான் சொன்னால் அது என் பட்டியல் ஆகிவிடும். ஒன்று கேட்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்தாலும் எதைச் செய்யாமல் இருக்க மாட்டாய்?

அக்கா (9:18): பல் தேய்ப்பேன்.

சித்தி (9:20): அதுதான் ஆணி. மற்றதை அதில் மாட்டு. கடிகாரத்தில் மாட்டாதே. 5:10, 5:30 என்று எழுதினால் ஒரு வண்டி தாமதமானால் எல்லா வண்டியும் தாமதம். ‘பிரஷ்ஷைக் கழுவி வைத்ததும் இதைச் செய்வேன்’ என்று எழுது. எந்த மணிக்கு எழுந்தாலும் பல் தேய்ப்பாய் அல்லவா?

அம்மா (9:24): நானும் அப்படித்தான் பிரஷர் மாத்திரையைப் பிடித்தேன். காலையில் போட்டேனா இல்லையா என்று மத்தியானம் வரைக்கும் குழப்பமாக இருக்கும். இப்போது ஏழு குழி டப்பாவில் வாரத்துக்கும் போட்டு, அதன் தலையிலேயே பிரஷ்ஷைப் படுக்க வைத்துவிட்டேன். பிரஷ்ஷை எடுத்தால் டப்பா கையில் இடிக்கும். குழி காலி என்றால் போட்டாயிற்று.

சித்தி (9:25): அக்கா, மாத்திரையைக் குளியலறை ஈரத்திலா வைத்திருக்கிறாய்?

அம்மா (9:26): என் பிரஷ் இருப்பது சமையலறை ஜன்னலில். நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்று எத்தனை வருடம் ஆகிறது, இன்னும் ரவுண்ட்ஸ் வருகிறாய்.

அத்தான் (9:30): அந்த முகப் பராமரிப்பு 20 நிமிடம் பற்றி மேலிடத்தின் கருத்து என்ன?

சித்தி (9:32): இரவில் முகம் கழுவி, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர். காலையில் வெளியே போகும்போது எஸ்.பி.எஃப். என்கிற வெயில் காப்பு எண் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். மூன்று நிமிடம். மிச்சமெல்லாம் ஆசைக்கு. ஆசைக்குச் செய்வதும் தப்பில்லை, அதை ஞாயிற்றுக்கிழமை செய்யட்டும்.

வெள்ளி

அக்கா (மாலை 6:20): யோசித்துப் பார்த்தேன். காலைக்கு இரண்டு. பல் தேய்த்ததும் பால்கனிக்குப் போய்ப் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நிற்பது. பிறகு பத்து நிமிடம் கை காலை நீட்டுவது. இரவுக்கு ஒன்று. பல் தேய்த்ததும் போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு வெறுங்கையோடு படுக்கைக்குப் போவது. அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றுக்கும்கூட 5 மணிக்குத்தான் எழ வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

நான் (6:22): இருபது நிமிடத்துக்கு எதற்கு 5 மணி?

அக்கா (6:25): 6 மணிக்கு எழுந்தால் அடுத்த இரண்டு மணி நேரம் என்னுடையது இல்லை.

அம்மா (6:31): நானும் நாற்பது வருடம் 5 மணிக்குத்தான் எழுந்தேன். நீங்களெல்லாம் எழுவதற்குள் அரை மணி நேரம் பின்படியில் தனியாக உட்கார்ந்திருப்பேன். அதற்கு அப்போது யாரும் பெயர் வைக்கவில்லை.

அத்தான் (6:34): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா (6:35): என்ன எழுதி அழித்தீர்கள்?

அத்தான் (6:41): ‘என்னை எழுப்பியிருந்தால் உதவியிருப்பேனே’ என்று எழுதினேன். அனுப்பிய பிறகு எனக்கே நன்றாகப் படவில்லை. எழுப்புவதும் அவளுக்கு இன்னொரு வேலைதானே. சரி, திங்கள் முதல் 6:40-லிருந்து 7 வரை என் பொறுப்பு. பாப்பாவைக் கிளப்புவது, பை, தண்ணீர் பாட்டில், சாக்ஸ், எல்லாம்.

சித்தி (6:43): இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன். தூக்கத்தை வெட்டி உடம்பைப் பேணுவதில் லாபமே இல்லை. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். 12 மணிக்குப் படுத்து 5 மணிக்குத் தியானம் செய்தால் தூங்கத்தான் தோன்றும்.

பாப்பா (6:50): எனக்கும் காலையில் வெளிச்சத்தில் நிற்க வேண்டுமா சின்னப் பாட்டி?

சித்தி (6:54): எல்லோருக்கும் நல்லது. கண்ணுக்குப் பின்னால், மூளையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது தானாக 24 மணி நேரத்துக்குச் சரியாக ஓடாது, தினமும் திருப்பி வைக்க வேண்டும். காலை வெளிச்சம்தான் சாவி. இந்த உடல் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். இரவில் போனை முகத்துக்கு நேரே பிடித்தால் அதே சாவியைத் தப்பான நேரத்தில் திருகுகிறாய்.

பாப்பா (6:57): எங்கள் வயதில் அந்தக் கடிகாரமே பெரியவர்களைவிடத் தள்ளித்தான் ஓடும் என்று டீச்சர் சொன்னார். நாங்கள் வேண்டுமென்று முழித்திருக்கவில்லை. 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் வேண்டுமாம்.

சித்தி (6:58): டீச்சர் சொன்னது சரி.

பாப்பா (6:58): அம்மா, இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்

அக்கா (6:59): தள்ளி ஓடுகிற கடிகாரத்துக்குப் போன் எதற்கு? அதுவும் இன்றிலிருந்து ஹாலுக்கு வரும்.

மாமா (7:15): எனக்கு வழி சொல்லுங்கள் சின்னக்கா. எனக்குக் காலைதான் ராத்திரி.

சித்தி (7:19): உனக்கு எல்லாம் தலைகீழ். பல் தேய்த்து, அறையை நன்றாக இருட்டாக்கிவிட்டு, போனை வெளியே வைத்துவிட்டுப் படு. காபியை ஷிஃப்டின் முதல் பாதியோடு நிறுத்து. குடித்த காஃபீனில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். 4 மணிக்குக் குடித்துவிட்டு 8 மணிக்குத் தூக்கம் வரவில்லை என்றால் எப்படி வரும்?

மாமா (7:20): 4 மணிக் காபிதான் ஆளைத் தூக்கி நிறுத்துகிறது.

சித்தி (7:21): அதேதான் உன்னைப் படுக்கவும் விடவில்லை.

சனி

அக்கா (காலை 8:05): போன் ஹாலில் இருந்தால் அலாரத்துக்கு எங்கே போவது? பரணிலிருந்து பழைய கடிகாரத்தை எடுத்துத் தலைமாட்டில் வைத்தேன். ராத்திரி முழுக்க டிக் டிக். 2 மணிக்கு அதைத் தலையணைக்கடியில் திணித்தேன். காதுக்குள்ளேயே அடித்தது.

அம்மா (8:09): துண்டில் சுற்றி அலமாரிக்குள் வை. மணி மட்டும் கேட்கும். எழுந்து போய்த்தான் நிறுத்த வேண்டும், அதுவும் நல்லதுதான்.

அத்தான் (இரவு 10:20): எனக்குப் படுத்தவுடன் நாளைய வேலையெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. அதற்கு ஏதாவது?

சித்தி (10:24): எழுதிவிடுங்கள் மாப்பிள்ளை. அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2018-இல் வெளிவந்தது. படுக்கும் முன் ஐந்து நிமிடம். பாதிப்பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மற்றவர்கள் இனிச் செய்ய வேண்டியவற்றை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பேப்பரில் எழுதுங்கள், போனில் வேண்டாம்.

அத்தான் (10:41): எழுதிவிட்டேன். 11 வேலை. ஒன்பதாவது எழுதும்போதே கொட்டாவி.

அக்கா (10:42): அந்தப் பதினொன்றில் எத்தனை என் தலையில்?

அத்தான் (10:44): நான்கு. மன்னிக்கவும், இரண்டாக்கிவிட்டேன்.

சித்தி (10:45): இரண்டு பேரும் இன்னும் போனில்தான் இருக்கிறீர்கள்.

மூன்று வாரம் கழித்து, செவ்வாய்

நான் (மாலை 5:10): அக்கா, மூன்றும் ஓடுகிறதா? சத்தமே இல்லை.

அக்கா (7:40): பால்கனியும் போனும் ஓடுகின்றன. நீட்டல் வாரத்துக்கு நாலு நாள் போல. போன வாரம் காய்ச்சலில் மூன்று நாள் போச்சு. ஆனால் போன் ஹாலுக்குப் போகாமல் இருந்ததில்லை. இப்போதெல்லாம் கை தானாகப் போகிறது.

சித்தி (7:52): அதை எழுதி வைத்துக்கொள். எத்தனையாவது நாள்?

அக்கா (7:53): எண்ணவில்லை சித்தி. எண்ணினால் பழையபடி மூன்று நிறப் பேனா எடுத்துவிடுவேன்.

புதன்

அத்தான் (காலை 6:46): அவசரம். பாப்பாவின் நீல நிற சாக்ஸ் எங்கே இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா?

அம்மா (6:47): அவளைப் போய்க் கேட்டுவிடாதீர்கள்.

அத்தான் (6:47): அதனால்தான் இங்கே கேட்கிறேன் அத்தை. பால்கனிக் கதவு மூடியிருக்கிறது.

மாமா (6:48): இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்தது. கட்டிலுக்கு அடியில் பாருங்கள். எங்கள் வீட்டில் அங்கேதான் இருக்கும்.

அத்தான் (6:52): ஒன்று கிடைத்தது. ஆனால் கறுப்பு.

பாப்பா (6:55): அப்பா, நேற்று நீங்கள்தான் துவைத்தீர்கள்

அத்தான் (6:58): இரண்டும் கிடைத்தன. வாஷிங் மெஷினுக்குள்ளேயே இருந்தன. ஈரம். அயர்ன் பாக்ஸ் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா (7:03): இப்போதுதான் உள்ளே வந்து போனைப் பார்க்கிறேன். என்ன கருகல் வாசனை?