மறு: ஆஸ்கி ஆர்ட்: எழுத்தோவியமா, எழுத்துக்கோலமா?

குழுவினருக்கு வணக்கம்.

படத்தை முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் கணினி எழுத்துத் திரையில்) வண்ண எழுத்துகளாகக் காட்டும் நிரல் ஒன்றின் உதவிப் பக்கத்தைத் தமிழாக்கி வருகிறேன். பத்திக்குப் பத்தி 'ஆஸ்கி ஆர்ட்' வருகிறது, அதாவது எழுத்துகளையும் குறிகளையும் அடுக்கிப் படம் காட்டும் கலை. அதற்குத்தான் இந்த இழையில் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இங்கே ஐயா ஒருவர் முன்பு சொன்ன 'எழுத்தோவியம்' காதுக்கு இனிமைதான். ஆனால் அதைக் கேட்டதும் எழுத்தையே வளைத்து அழகாக எழுதும் கலைதான் பலருக்கும் தோன்றும். அங்கே எழுத்தைப் படிக்க வேண்டும். இங்கே படித்தால் ஒன்றும் கிடைக்காது. செய்யுளைப் பட வடிவில் அமைக்கும் 'சித்திரகவி'க்கும் இதே சிக்கல். தேர், பாம்பு வடிவக் கட்டங்களில் அடைத்தாலும் செய்யுள் பொருளோடு நிற்க வேண்டும் அல்லவா?

நிரல் செய்வதைப் பார்ப்போம். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு வெளிச்சம் என்று கணக்கிடுகிறது. கறுப்புத் திரையில் வெளிச்சமான இடத்துக்கு @ போல அடர்த்தியான குறி, மங்கிய இடத்துக்கு ஒரு புள்ளி, இருட்டுக்கு வெற்றிடம். ஆஸ்கி என்ற கணினிக் குறித்தொகுப்பில் அச்சாகக்கூடிய 95 குறிகளுக்கும் இங்கே ஒலி இல்லை, பொருள் இல்லை, அடர்த்தி மட்டும்தான்.

வண்ணம் வந்ததும் கதை மாறுகிறது. 256 நிற முனையத்தில் அடிப்படை நிறங்கள் 16, 6×6×6 கனசதுரத்தில் 216, சாம்பல் படிகள் 24. முழு வண்ண முனையத்தில் 1,67,77,216 நிறங்கள். வெளிச்சத்தை நிறமே சுமப்பதால் எழுத்தின் அடர்த்திக்கு முன்போல வேலை இல்லை. பல நிரல்கள் ▀ என்ற அரைக்கட்டக் குறியை எடுத்து, மேல்பாதிக்கு முன்னணி நிறமும் கீழ்ப்பாதிக்குப் பின்னணி நிறமும் கொடுக்கின்றன. 80×24 முனையம் 80×48 படப்புள்ளிகள் கொண்ட திரையாகிவிடுகிறது. முனையக் கட்டத்தின் உயரம் அகலத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், பாதியாக்கினால் கிட்டத்தட்ட சதுரம். முகம் நீண்டு தெரியாது.

இதை வைத்துத்தான் தோழர் ஒருவர் கேட்டார்:

> ▀ என்பது எழுத்தே இல்லையே, பிறகு 'எழுத்து' எதற்கு?

சரியான கேள்வி. ஆனால் நம் மொழியில் எழுதுவது என்றால் வரைவதும்தான். உடலில் தொய்யில் என்ற கோலம் எழுதினார்கள், ஓவியம் எழுதினார்கள். கண்ணுக்கு இன்றும் மை எழுதுகிறோம். 'எழுத்து'க்குள் அரைக்கட்டமும் தாராளமாக அடங்கும். எழுத்து, எண், குறி எல்லாவற்றையும் குறிக்கும் 'வரியுரு' (character) என்று போனால் துல்லியம் கிடைக்கும். ஆனால் 'வரியுருவோவியம்' யார் வாயில் நுழையும்?

அதனால் என் பரிந்துரை 'எழுத்துக்கோலம்'. புள்ளி வைத்துக் கோலம் போடுவதுபோல இதற்கும் இடம் மாறாத கட்டவரிசைதான் அடிப்படை. அதைவிட எனக்குப் பிடித்த காரணம், கோலம் என்றால் தோற்றம், வேடம். மணக்கோலம், மாறுகோலம் என்கிறோமே, அதுபோல ஒளிப்படம் இங்கே எழுத்தின் கோலத்தைப் பூணுகிறது. சமச்சீரான வாசல் கோலம் மட்டும்தான் நினைவுக்கு வரும் என்ற தயக்கத்துக்கு இதுவே என் பதில்.

வண்ணத்தோடு வந்தால் 'வண்ண எழுத்துக்கோலம்', மாற்றும் செயல் 'எழுத்துக்கோலமாக்கல்'. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "படத்தை 80 கட்ட அகலத்தில் வண்ண எழுத்துக்கோலமாக்கு." தடுக்கவில்லை.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துகளாலேயே இதைச் செய்ய ஆசைப்பட்டுப் பார்த்தேன். 'கொ' திரையில் ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறியீடுகள். அது எத்தனை கட்டம் என்பதில் முனையமும் எழுத்துருவும் ஒத்துப்போகாமல் வரிசை நகர்ந்து படம் சிதைந்துவிட்டது. உயிரெழுத்துகளையும் அகரமேறிய மெய்களையும் மட்டும் வைத்து மறுபடி முயல்கிறேன்.

அப்புறம், 'டிதரிங்' மீதி இருக்கிறது. இருக்கும் சில நிறங்களைப் புள்ளிகளாகக் கலந்து தூவி, இல்லாத நிறத்தைக் கண்ணுக்குக் காட்டும் உத்தி அது. கோலப்பொடி நினைவில் 'நிறத்தூவல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.