சிவநாயகம் ஐயாவின்ர பழைய பத்திரிகைப் பிரதிகள் ஆரிட்டையும் இருக்கோ?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில எங்கட வாசிகசாலையில எஸ். சிவநாயகம் ஐயாவைப் பற்றி ஒரு சின்னக் கண்காட்சி வைக்கப் போறம். 1982இல யாழ்ப்பாணத்தில 'சற்றடே றிவியூ' ஆங்கில வார இதழைத் தொடங்கின ஆசிரியர் அவர். 1983 யூலையில அரசாங்கம் அதைத் தடை செய்தது. பிறகு தமிழ்நாடு, ஐரோப்பா எண்டு அலைஞ்சும் பேனாவைக் கீழ வைக்காத மனுசன். இஞ்ச பிள்ளையளுக்கு அவரின்ர பேரே தெரியேல்லை, எனக்கு அது பெரிய கவலை.

வன்னியில வீடுகளில இருந்த பிரதிகள் 2009 இடப்பெயர்வோட போட்டுது. எங்களிட்ட மிஞ்சினது ஒரு தாள்தான்; மடிப்பில கிழிஞ்சு, தலையங்கத்தின்ர கடைசிப் பந்தியைக் கறையான் திண்டிட்டுது.

வைச்சிருக்கிற ஆக்கள் திகதி தெரியிற மாதிரிப் படமெடுத்து உள்பெட்டியில போடுங்கோ. மூலப்பிரதி வேண்டாம். 1983 யூன் இதழ்கள் கிடைச்சால் பெரிய உதவி.