ஸ்பானிஷ் தெரிந்த ட்ரக் டிரைவருக்குக் கூடுதல் சம்பளம் தர வேண்டுமா?

குமரன்_ஹூஸ்டன்:
அமெரிக்காவின் டெக்சாஸில், மெக்சிகோ எல்லையில் இருக்கும் லரேடோ பக்கத்து ட்ரக் கம்பெனிகள் 'ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டும் தெரிந்த டிரைவர்கள் தேவை' என்று விளம்பரம் செய்கின்றன. நான் பார்த்தவற்றில் அந்த இரண்டாவது மொழிக்கென்று தனியாக ஒரு காசும் இல்லை. இது அநியாயம்.

மெக்சிகோ சரக்கு வரும் விதத்தைப் பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து நுவேவோ லரேடோவிலிருந்து ஒரு மெக்சிகோ டிரைவர் ட்ரெய்லரைப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து, இந்தப் பக்கத்து யார்டில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அதை வேறொரு ட்ரக் இழுத்துக்கொண்டு ஐ-35 நெடுஞ்சாலையில் சான் ஆன்டோனியோ, டல்லாஸ் என்று போகும். ட்ரெய்லர் கதவில் போட்ட சீல் எண் ஒத்துப்போகவில்லை, காகிதத்தில் எடை வேறாக இருக்கிறது, டயர் போய்விட்டது என்றால் அந்த யார்டில் பேச்சு பெரும்பாலும் ஸ்பானிஷில்தான். மொழி தெரிந்தவர் நின்ற இடத்திலேயே பேசி முடிப்பார். தெரியாதவர் ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். வண்டி நின்றால் கம்பெனிக்கு நஷ்டம். அதைத் தடுக்கிறவருக்கு அதில் பங்கு வேண்டாமா?

டல்லாஸ்_ராஜா:
குமரன், நீங்கள் ஸ்பானிஷைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை ஆங்கிலம்தான். சாலைப் பலகையைப் படிக்கவும் அதிகாரி கேட்டால் பதில் சொல்லவும் டிரைவருக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது மத்திய விதி, பிரிவு 391.11. 2016இல் அதை நடைமுறையில் தளர்த்தினார்கள். 2025 ஏப்ரலில் அதை மறுபடி கண்டிப்பாக்கி அதிபரின் உத்தரவு வந்தது. ஜூன் 25 முதல், சோதனையில் தேறாதவரை மேற்கொண்டு ஓட்ட விடுவதில்லை. கைபேசி மொழிபெயர்ப்புச் செயலியும் உதவாது. இதற்குப் பயந்துதான் 'இருமொழி' என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். சட்டம் கேட்கும் தகுதிக்கு எதற்குத் தனிப்பணம்?

பலகை படிப்பதைப் பற்றிப் பேசும்போது, 2019இல் கொலராடோவின் லேக்வுட் அருகே ஐ-70 நெடுஞ்சாலையில் நடந்த விபத்தை மறக்க முடியவில்லை. மலைச்சரிவில் இறங்கிய ட்ரக், பிரேக் இழந்த வண்டிகளுக்கென்றே போட்டிருந்த ஒதுக்குப்பாதையைத் தாண்டி வந்து மோதியது. நான்கு பேர் இறந்தார்கள்.

குமரன்_ஹூஸ்டன்:
அந்த நால்வருக்காக எனக்கும் வருத்தம் உண்டு, ராஜா சார். ஆனால் அந்தக் கம்பெனியின் சோதனைப் பதிவில் டிரைவருக்கு ஆங்கிலம் போதவில்லை என்ற குறிப்போடு பிரேக் கோளாறுகளும் முன்பே ஏறியிருந்தன. மொழியை மட்டும் குற்றவாளி ஆக்கினால் வண்டியைப் பராமரிக்காத முதலாளி தப்பித்துவிடுவார்.

இன்னொன்று, சட்டம் கேட்பது ஆங்கிலம். நான் பணம் கேட்பது ஸ்பானிஷுக்கு. அதை எந்த விதியும் கேட்கவில்லை, கம்பெனிதான் கேட்கிறது. அபாயப் பொருள் ஏற்றும் தகுதி இருந்தால் பல கம்பெனிகள் மைலுக்குக் கூட்டித் தருகின்றன. இதற்கு மட்டும் ஏன் கை வரவில்லை?

செல்வி_கோவை:
நான் கோவையிலிருந்து இரவு ஷிப்டில் அமெரிக்க ட்ரக் கம்பெனிகளுக்கு ஆவண வேலை பார்க்கிறேன். சம்பளத்தைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. நான் பார்த்த ஒரு கம்பெனியில் விளம்பரம் ஸ்பானிஷில், ஆள் சேர்ப்பவர் போனில் பேசுவது ஸ்பானிஷில், கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம் மட்டும் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில். அதிலும் 'வண்டியை ஓட்டி ஓட்டியே சொந்தமாக்கிக்கொள்ளலாம்' என்கிற குத்தகைத் திட்டம். தவணை, இன்சூரன்ஸ், பழுதுச் செலவு எல்லாம் வாரக்கூலியில் கழியும். பாதியில் விலகினால் வண்டியும் இல்லை, கட்டிய பணமும் இல்லை. இந்தத் திட்டங்களை ஆராய அரசு அமைத்த குழுவே 2025 ஜனவரியில் இவற்றைத் தடை செய்யச் சொன்னது.

டல்லாஸ்_ராஜா:
செல்வி மேடம், பலகை படிக்கிற அளவு ஆங்கிலம் தெரிந்தவருக்கும் அந்த ஒப்பந்தம் புரியாது. வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். குமரனுக்கு ஒரு கேள்வி: ஸ்பானிஷ் எவ்வளவு தெரியும் என்று யார் அளப்பது? 'தெரியும்' என்று சொன்ன எல்லோருக்கும் கொடுக்க முடியுமா?

குமரன்_ஹூஸ்டன்:
டெக்சாஸில் பல நகரங்கள் இருமொழி தெரிந்த போலீசாருக்குத் தேர்வு வைத்துத்தான் படி கொடுக்கின்றன. அதையே இங்கேயும் வைக்கட்டும்.

செல்வி_கோவை:
படி வரும்போது வரட்டும் சார். விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ, அதே மொழியில் ஒப்பந்தத்தின் ஒரு பிரதியைக் கையெழுத்துக்கு முன்னால் கொடுக்கட்டும். முதலில் நான் கேட்பது அதைத்தான்.