ஏற்காட்டுப் பொடிக்கொசுவும் மேச்சேரி ஆடுகளும்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

சுமதி (ஏற்காடு), மாலை 6:48
பெரியப்பா, வணக்கம். இங்கே மூன்று நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அந்தி சாய்ந்ததும் மிளகுத்தூள் போன்ற ஏதோ ஒன்று வந்து பிள்ளைகளைக் கடிக்கிறது. கையும் கணுக்காலும் தடித்துச் சிவந்துவிடுகின்றன. கொசுவலை கட்டினேன், தண்ணீர்த் தொட்டியை மூடினேன், பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தேன். எதற்கும் குறையவில்லை. இது கொசுக்குஞ்சா?

பெரியப்பா (அஸ்தம்பட்டி), மாலை 6:57
கொசுவில் குஞ்சு என்று ஒன்று கிடையாது, அம்மா. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போதே அது முழு அளவில் வந்துவிடும், அதன்பின் வளராது. முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தியும் நம் வீட்டிலேயே இந்தக் கேள்வி வருகிறதே என்று சிரித்துக்கொண்டேன். நீ சொல்வது பொடிக்கொசு. பெயரில் கொசு இருந்தாலும் அது செரட்டோபோகோனிடே என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கால்நடைக்காரர்களுக்குத் தொல்லை தருவது அதில் குலிகாய்டஸ் என்ற பேரினம். நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், கடையில் விற்கும் சாதாரண வலையின் கண் அதற்குத் திறந்த வாசல். கொசுவைப் போல நீண்ட ஊசியால் குத்தாது. குட்டையான வாயால் தோலைக் கீறி, அங்கே ஊறி நிற்கும் இரத்தத்தை உறிஞ்சும். எரிச்சல் கூடுதலாக இருப்பது அதனால்தான். கடிப்பது பெண் மட்டுமே, அதுவும் முட்டைக்காக.

செந்தில் (செவ்வாய்ப்பேட்டை), மாலை 7:10
பெரியப்பா, போன வாரம் சுமதி அக்கா வீட்டிலிருந்து திரும்பியபோது என் வெள்ளைச் சட்டைக் காலரில் ஒன்று நசுங்கி ஒட்டியிருந்தது. கொலுசில் பற்றவைப்பைச் சோதிக்கும் பட்டறைக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இறக்கையில் சாம்பலும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகப் புள்ளிகள் இருந்தன. முதலில் அழுக்கு என்று நினைத்து ஊதினேன். இரண்டு இறக்கையிலும் புள்ளிகள் ஒரே இடத்தில் இருந்ததைக் கண்ட பிறகே அது அழுக்கில்லை என்று தெரிந்தது.

பெரியப்பா, மாலை 7:24
நன்றாகப் பார்த்திருக்கிறாய். இனத்தை அடையாளம் காண்பவர்கள் முதலில் பார்ப்பதே அந்தப் புள்ளிக் கோலத்தைத்தான். உலகில் 1,300க்கும் மேற்பட்ட குலிகாய்டஸ் இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. நம் நாட்டுத் தொழுவங்களில் ஆக்சிஸ்டோமா, பெரிக்ரைனஸ், இமிகோலா ஆகியவை அடிக்கடி அகப்படுகின்றன. கடல்மட்டத்திலிருந்து திபெத்தின் 4,000 மீட்டர் உயரம் வரை இந்தப் பேரினம் பரவியிருப்பதால், ஏற்காட்டின் 1,500 மீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நியூசிலாந்துக்காரர்களுக்கு மட்டும் யோகம், அங்கே குலிகாய்டஸ் இல்லை.

சுமதி, நீ தொட்டியைக் கவிழ்த்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம், இதன் புழு பெரும்பாலும் தெளிந்த நீரில் வளர்வதில்லை என்பதே. ஈரம் காயாத சேறு, சாணம், மட்கிய இலை, மரப்பொந்து, அழுகும் வாழைத்தண்டு ஆகியவைதான் அதன் தொட்டில். ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு விருப்பம் உண்டு: ஒன்றுக்கு மாட்டுச் சாணமே வேண்டும், ஒன்றுக்குக் குட்டைக் கரைச் சேறு. இமிகோலாவின் கூட்டுப்புழுவோ நீரில் மிதக்கத் தெரியாமல் மூழ்கி இறந்துவிடும். அதற்கு ஈரமும் வேண்டும், வெள்ளமும் கூடாது. உன் வீட்டுப் பக்கம் அப்படி ஏதும் இருக்கிறதா?

சுமதி, மாலை 7:31
சமையலறைக்குப் பின்னால் காப்பிப்பழத் தோலைக் கொட்டும் குழியும், பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகையும் இருக்கின்றன. இதுவரை நான் அந்தப் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

பெரியப்பா, மாலை 7:36
குழியைத் தள்ளி வெட்டச் சொல். சாணத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது அப்புறப்படுத்தட்டும். இன்றிரவுக்கு மின்விசிறியை வேகமாக ஓடவிடு. இந்தப் பூச்சிக்குப் பறக்கும் வலிமை குறைவு. காற்று அடித்தால் நிலைகொள்ளாது.

ராசு மாமா (மேச்சேரி), இரவு 8:02
மாமா, இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். என் பட்டியில் இரண்டு பெட்டைச் செம்மறியாடுகள் நேற்றிலிருந்து தீனி எடுக்கவில்லை. உதடு வீங்கி, மூக்கில் சளி ஒழுகுகிறது. ஒன்று காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. வெள்ளாடுகள் அனைத்தும் நலமாக இருக்கின்றன. சந்தையில் வாங்கியபோது தடுப்பூசி போட்டாயிற்று என்று விற்றவர் சொன்னார். எந்த ஊசி என்று கேட்காமல் விட்டது என் தவறு.

பெரியப்பா, இரவு 8:19
மாப்பிள்ளை, நீலநாக்கு நோயாக இருக்கலாம் என்று ஐயப்படுகிறேன். கோமாரிக்கும் இதே போன்ற அறிகுறிகள் உண்டு என்பதால், கால்நடை மருத்துவர் பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம். நீலநாக்கு என்றால் அதைக் கொண்டுவருவது நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தப் பூச்சியே. தென்னாப்பிரிக்காவில் டு டாய்ட் என்பவர் 1944இல் அதை உறுதிப்படுத்தினார். இந்தியாவில் இந்நோய் 1964இல் பதிவானது. நோயுள்ள கால்நடையின் இரத்தத்தோடு பூச்சிக்குள் போகும் வைரஸ், ஒரு வாரம் பத்து நாள் அங்கே பெருகிய பின்னரே அடுத்த ஆட்டுக்குப் பரவும். குளிர் மிகுந்தால் அந்தப் பெருக்கம் நின்றுவிடும். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையோ ஈரத்தையும் கொடுத்து, குளிரையும் அந்த அளவுக்குக் கூட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இந்நோய் தலைதூக்குவது அதனால்தான்.

ராசு மாமா, இரவு 8:26
அப்படியானால் நோயுள்ள ஆடுகளைத் தனியே கட்டினால் போதாதா? பக்கத்துத் தோட்டத்து மாடுகளுக்கும் ஒன்றும் இல்லையே.

பெரியப்பா, இரவு 8:38
போதாது. இது முக்கியமாக ஆட்டுக்கு ஆடு ஒட்டுவதால் பரவுவதன்று. மாடும் வெள்ளாடும் பெரும்பாலும் நோய்க்குறி காட்டாமலே வைரஸை வைத்திருக்கும். அவற்றைக் கடித்த பூச்சி செம்மறியாட்டைக் கடிக்கும்போதுதான் வினை. பூச்சி தானாகச் சில நூறு மீட்டர்தான் போகும் என்றாலும், காற்று அதைப் பல கிலோமீட்டர் தூக்கிச் செல்லும். 2006இல் வட ஐரோப்பாவில் இந்நோய் புகுந்தபோது, ஆப்பிரிக்க இமிகோலா இல்லாத அந்தக் குளிர்நாட்டில், உள்ளூர்ப் பொடிக்கொசுக்களே அதைப் பரப்பின.

ஆடுகளை அந்திக்கு முன்பே பட்டியில் அடைத்துவிடு, கட்டுத்தறிச் சேற்றில் மண் அடித்து உயர்த்து, பொழுது சாயும்போது நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடு. மூட்டம் பூச்சியை விலக்குமே தவிர நோயைத் தீர்க்காது. வாய்ப்புண் உள்ளவற்றுக்குக் கம்பங்கூழ் கொடு. நீலநாக்கு வைரஸின் 1, 2, 10, 16, 23 ஆகிய எண்ணுள்ள ஐந்து வகைகளுக்கும் சேர்த்து நம் நாட்டிலேயே தடுப்பூசி இருக்கிறது. அது மழைக்கு முன் போட வேண்டியது. மற்ற ஆடுகளுக்கு இப்போது போடலாமா என்று மருத்துவரிடம் கேள்.

சுமதி, இரவு 8:45
பிள்ளைகளுக்கு அந்த நோய் வருமா, பெரியப்பா?

பெரியப்பா, இரவு 8:47
வராது. நீலநாக்கு மனிதர்களைத் தாக்குவதில்லை. சொறிந்து புண்ணாக்காமல் மட்டும் பார்த்துக்கொள்.

ராசு மாமா, இரவு 8:55
மருத்துவரிடம் பேசிவிட்டேன், காலை ஏழு மணிக்கு இரத்தம் எடுக்க வருகிறார். செந்தில், அந்தப் பட்டறைக் கண்ணாடியை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா. பட்டி விளக்கின் கீழே வெள்ளைத் துணி கட்டி வைக்கிறேன்.