வீட்டாருக்கு வண்டி பழக்கிய கதைகள்: எல்லையோர ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

புளியரையிலிருந்து

மனைவிக்கு வண்டி பழக்கிய கணவன்மாரின் கதைகள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நான்கு கிடைக்கும். என் கதை தலைகீழானது. நான் என் கணவருக்கு மோட்டார் சைக்கிள் பழக்கினேன். அப்பா பால் எடுக்கும் தொழில் செய்தவர் என்பதால், 18 வயது முடிந்ததும் உரிமம் வாங்கிக் கியர் வண்டி ஓட்டத் தொடங்கிவிட்டேன். அவரோ பள்ளிக்கூடச் சைக்கிளோடு நின்றுபோனவர். சென்னையில் மின்சார ரயிலும் மாநகரப் பேருந்துமாகப் பல ஆண்டுகள் கழித்துவிட்டதால், வண்டி ஓட்டத் தெரியாதது ஒரு குறையாகவே அவருக்குப் படவில்லை. ஊருக்குத் திரும்பி, எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள தென்மலையில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. கடை அடைத்து வரும் நேரத்தில் பேருந்து தவறிவிட்டால், நான் ஆரியங்காவு வழியாக மலையேறிப் போய் அவரை அழைத்து வரவேண்டும்.

நாற்பதைத் தாண்டிய ஆண் ஒருவர் மனைவியின் பின்னால் உட்கார்ந்து வருவதை ஊர் சும்மா விடுமா? டீக்கடையில், "இன்னைக்கி டிரைவரம்மா வரலையா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். அவர் சிரித்து மழுப்புவார். பெண்களுக்குப் பழக்குபவர்கள் பயத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முன்னால் நின்றது அவருடைய வெட்கம். ஆகவே, பிசான அறுவடை முடிந்து நெல்களம் வெறுமையாகக் கிடக்கும் பங்குனி மாதத்தில், ஊரே உண்டு உறங்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலைத் தேர்ந்தெடுத்தேன். வெயில் கொளுத்தியது என்றாலும் வேடிக்கை பார்க்க ஆள் இல்லை என்பதே அவருக்குப் பெரிய நிழலாக இருந்தது.

வேட்டியில் வந்தவரைத் திருப்பி அனுப்பி, பேண்டும் பூட்ஸும் போட்டு வரச் சொன்னேன். எங்கள் ஊரில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்போடு வண்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம். பழகியவர்களுக்கே அது ஆபத்து என்னும்போது, கியர் எந்தப் பக்கம் என்று காலால் துழாவுகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் எஞ்சினைப் போடவே விடவில்லை. நியூட்ரலில் வைத்து வண்டியைத் தள்ளி நடப்பது, ஸ்டாண்டு எடுப்பது, போடுவது, களத்தின் சரிவில் காலை ஊன்றியபடி உருண்டு வந்து பிரேக்கால் நிறுத்துவது, இவ்வளவுதான் முதல் பாடம். முன்பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் வண்டி நேராகப் போகும்போது நிறுத்தும் வலுவில் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னோக்கிச் சாய்வதே அதற்குக் காரணம். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போதும், மணல் கிடக்கும்போதும் வெடுக்கென்று பிடித்தால்தான் அது சறுக்கிவிடும். இதை வாயால் விளக்குவதைவிட, சரிவில் மெதுவாக உருள விட்டு இரண்டு விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வைத்தபோது அவரே புரிந்துகொண்டார்.

அடுத்தது கிளட்ச். பழக்குகிறவர்கள் பலரும் கிளட்சையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு கை விடவும் மறு கை முறுக்கவும் வேண்டும் என்றதும் புதியவருக்கு இரண்டும் குழம்பிவிடுகிறது. சமதளத்தில் 100 சிசி வண்டி, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே, கிளட்சை மெல்ல விட்டால் முதல் கியரில் நகர்ந்துவிடும். ஆகவே வலது கையை ஆக்சிலரேட்டரிலிருந்து முழுதாக எடுத்துவிடச் சொல்லி, எஞ்சின் சத்தம் கொஞ்சம் கம்முகிற இடம் வரை கிளட்சை விடுவது, அங்கேயே நிறுத்துவது, மறுபடி பிடிப்பது என்று களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அதையே செய்ய வைத்தேன். சலித்துக்கொண்டார். ஆனால் அந்த இடம் கைக்குத் தெரிந்துவிட்டால், வண்டி குதிப்பதும் அணைவதும் பெரும்பாலும் தீர்ந்துபோகும்.

அவருக்கு நான் கொடுத்த ஒரே கட்டளை, எதற்குப் பயந்தாலும் கிளட்சைப் பிடியுங்கள் என்பது. பதற்றத்தில் மனிதர்கள் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிக்கிறார்கள். வலது கை இறுகும்போது மணிக்கட்டு கீழே மடங்கி ஆக்சிலரேட்டர் முறுகிவிடுகிறது; வண்டி பாய்ந்ததும் பயம் கூடி இன்னும் இறுக்குகிறார்கள். சுவரில் கொண்டுபோய் மோதுவதெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. கிளட்சைப் பிடித்துவிட்டால் எஞ்சின் எவ்வளவு அலறினாலும் சக்கரத்துக்கு வேகம் போகாது.

களத்தில் நான் பின்சீட்டில் உட்காரவே இல்லை. இதைக் குறித்து என் மதினி உட்படப் பலர் என்னோடு வாதாடியிருக்கிறார்கள். "பின்னால் ஆள் இருந்தால்தானே தைரியம்" என்பது அவர்கள் கட்சி. நான் அப்படி நினைக்கவில்லை. புதியவர் முதலில் பழக வேண்டியது வண்டியின் எடையை. பின்னால் ஒரு ஆள் ஏறியதும் அந்த எடையே மாறிவிடுகிறது. திருப்பத்தில் அவர் ஒரு பக்கம் சாய, நாம் பயந்து மறுபக்கம் சாய்வோம். வண்டி சாயும்போது ஊன்றுவது அவர் காலா நம் காலா என்ற குழப்பம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, காதுக்குப் பின்னால் வாழ்க்கைத்துணையின் குரல் ஒலித்துக்கொண்டே இருந்தால் எவருக்கும் கோபம் வரும். நான் களத்தின் நடுவில் நின்று, அவர் சுற்றி வரும்போது என் முகத்தைப் பார்த்து ஓட்டச் சொன்னேன். முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டினால் வண்டி தள்ளாடும், போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் தானாகத் திரும்பும் என்பதும் அதிலேயே அடங்கிவிட்டது.

சாலைக்கு வந்தபோது பின்சீட்டில் ஏறித்தான் ஆகவேண்டும். பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் பொதுச்சாலையில் ஓட்டும்போது உரிமம் உள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பதும், மோட்டார் சைக்கிளில் அப்படிப் பழக்குகிறவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது என்பதும் மத்திய மோட்டார் வாகன விதி. வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தோடு எல் போர்டும் முன்னும் பின்னும் கட்டினோம். தென்காசியில் வாங்கிய எல்எல்ஆரோடு சோதனைச்சாவடியைத் தாண்டலாமா என்று அவர் தயங்கினார். பழகுநர் உரிமமும் இந்தியா முழுவதும் செல்லும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13ஆம் பிரிவே சொல்கிறது. ஹெல்மெட் மட்டும் இருவருக்கும் வேண்டும். கேரளத்தில் 2023 ஜூன் முதல் சாலைக் கேமராக்கள் பின்னால் இருப்பவரையும் சேர்த்தே கவனிக்கின்றன.

வண்டியில் பேசுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். இடது தோளில் தட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், இரண்டு தோளிலும் தட்டினால் ஓரம்கட்டி நிறுத்த வேண்டும். சொல்ல வேண்டிய மற்றதெல்லாம் இறங்கிய பிறகுதான். எங்கள் இல்லறத்தைக் காப்பாற்றியது இந்த ஒப்பந்தம் என்றுகூடச் சொல்வேன்.

களத்தில் கற்றுத்தர முடியாதது காற்று. ஆடிச் சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று, புளியரை வயல்வெளியில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கொல்லம் சாலையில் லாரிகளும் ஓயாது. எதிரே லாரி வரும்போது ஒரு கணம் காற்று மறைந்து, அது கடந்ததும் மொத்தமாக வந்து அறையும். அவர் முதலில் ஹேண்டில்பாரை இரும்பாகப் பிடித்துக்கொண்டு எதிர்க்கப் பார்த்தார். முழங்கையைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கை அணைத்து, வேகத்தைக் குறைத்து, சாலை ஓரத்து மண்ணிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டியதும் வண்டி தானாக நிதானத்துக்கு வந்தது. மலைப்பாதையில் வளைவுகளில் லாரியிலிருந்து சிந்திய மணல் கிடக்கும் என்பதால், பிரேக்கெல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இறக்கத்தில் எரிபொருளை மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை இந்தப் பாதையில் தினமும் பார்க்கலாம். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கும் சூடேறாது.

இப்போது அவர் தனியாகப் போய் வருகிறார். கார்த்திகையும் மார்கழியும் மட்டும், ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் இரவெல்லாம் ஓடும் என்பதால், பேருந்தில் போகச் சொல்லியிருக்கிறேன். முணுமுணுத்தாலும் கேட்கிறார்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

புளியரை அக்கா எழுதியதில் பெரும்பகுதி சரி. ஆனால் கிளட்சே முக்கியப் பாடம் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. நான் பழக்கியது என் அம்மாவுக்கு. எங்கள் வீட்டில் புல் கட்டும் பால் கேனும் ஏற்றுவதற்கு ஒரு பழைய எம் 80 உண்டு. அதில் கிளட்சும் கியரும் இடது கைப்பிடியிலேயே இருக்கும் என்பதால், தோட்டத்துக்குள் அம்மா அதை அநாயாசமாக ஓட்டுவார். உரிமம் எடுக்கலாம் என்று நினைத்தபோது, கேரளத்தில் 2024இல் தேர்வு முறை மாறி, கியர் வண்டி உரிமத்துக்குக் கைக்கியர் வண்டி செல்லாது, காலால் கியர் மாற்றும் மோட்டார் சைக்கிளில்தான் எட்டு போட வேண்டும் என்றாகிவிட்டது. அதுவரை இந்தப் பக்கத்து ஓட்டுநர் பள்ளிகளில் எம் 80தான் எட்டுக்கு ஆகிவந்த வண்டி.

அம்மாவுக்குக் கிளட்ச் பிரச்சினையே இல்லை; கால்தான் பிரச்சினை. கியர் மாற்றும் எண்ணம் வந்ததுமே இடது மணிக்கட்டு தானாகத் திரும்பும், கால் சும்மா இருக்கும். ஆகவே சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் இல்லாமலே காலால் கியர் போடவும் எடுக்கவும் பழக்கினேன். ஒரே வண்டியில் பழக வேண்டும் என்பதும் முக்கியம். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் எல்லாக் கியரும் முன்னால் மிதித்தால் விழும். வேறு பல வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. உறவினர் வண்டியில் ஒரு நாள், நம் வண்டியில் ஒரு நாள் என்று பழக்கினால் கால் குழம்பிவிடும்.

எட்டைப் பற்றி ஒன்று. காலை ஊன்றக்கூடாது என்ற பயத்தில் வேகமாகப் போகிறார்கள். வேகம் கூடினால் வளைவு கிடைக்காது. கிளட்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கில் கால் லேசாகப் பட்டபடி, எஞ்சினைச் சீராக ஓட விட்டால் வண்டி நடை வேகத்தில் விழாமல் போகும். உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் சாய்க்க வேண்டும், பார்வை அடுத்த வளைவில் இருக்க வேண்டும்.

தோளைத் தட்டும் ஏற்பாடு எங்களுக்கு ஒத்துவரவில்லை. தட்டினால் அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்; சாலையில் அதைவிட ஆபத்து வேறில்லை. திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே ஒரே ஒரு முறை சொல்வது, பிறகு வாயை மூடிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். அதுவும் கொஞ்ச காலம்தான். வேலந்தாவளம் சாலையில் ஒரு நாள் வண்டியை ஓரம்கட்டி, "நீ எறங்கு சாமி, நாம் பாத்துக்கறேன்" என்றார். உரிமம் கையில் வரும்வரை இறங்க முடியாது என்று விதியைச் சொல்லி, நான் உட்கார்ந்தே இருந்தேன். எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்தே தேர்வுக்குப் போக முடியும் என்பதால், அந்த மௌன விரதம் எனக்கு நல்ல பயிற்சி.

நகரியிலிருந்து

தங்கைக்குப் பழக்கினேன், விசைத்தறிக்கு நூல் எடுத்து வரும் வேலை அவளுடையது. மேலே இருவரும் தொடாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஓட்டுவதற்கு முன்பு, விழுந்த வண்டியைத் தூக்கப் பழக்குங்கள். ஸ்பிளெண்டரின் எடை 112 கிலோ. கையால் இழுத்துத் தூக்கப் பார்த்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதலில் எஞ்சினை அணைத்து, முடிந்தால் கியரில் போட்டு வைத்து, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டில்பாரிலும் மறு கை பின் கம்பியிலும் வைத்து, காலால் உந்தி எழுந்தால் ஒல்லியானவர்களும் தூக்கிவிடலாம். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். தூக்கத் தெரிந்த பிறகு அவளுக்கு விழுவதைப் பற்றிய கவலை பாதியாகிவிட்டது.

சிறிய கை உள்ளவர்களுக்குக் கிளட்ச் லீவர் எட்டாது. கேபிளை அதற்காக இஷ்டத்துக்கு இறுக்கவோ தளர்த்தவோ கூடாது. லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் விளையாட்டு, அதாவது கேபிளை இழுக்காமல் லீவர் தளர்வாக அசையும் இடைவெளி, இருக்க வேண்டும். வறண்ட கேபிளுக்கு எண்ணெய் விட்டாலே கை வலி குறையும். பழைய வண்டி வாங்கியவர்கள் சேலை கார்டு கழற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுடையதில் இல்லை. துப்பட்டா, சேலை முந்தானை சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. ஒரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் பொருத்திக் கொடுத்தார்.