அஞ்சு வயசோட குணம் முடிஞ்சு போச்சா?

முத்தியால்பேட்டை அப்பா:
பையன் ஸ்கூல் மீட்டிங்ல ஒரு மேடம், "அஞ்சு வயசுக்குள்ள வளர்த்ததுதான் கடைசி வரைக்கும்"னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. என் பையனுக்கு ஆறு முடிஞ்சிருச்சு. கோவம் வந்தா கையில கிடைச்சதைத் தூக்கி அடிக்கிறான். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?

ஓ.டி.காரன், கடலூர்:
மேடம் சொன்னதுல தப்பே இல்ல சார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? ருமேனியாவுல 2000-ல ஆரம்பிச்ச ஆய்வைப் பாருங்க. புக்கரெஸ்ட் அனாதை விடுதிகள்ல இருந்த 136 குழந்தைகள்ல பாதிப் பேரைக் குலுக்கல்ல தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினாங்க. ரெண்டு வயசுக்கு முன்னாடி போனவங்க அறிவுலயும் வளர்க்கிறவங்களோட ஒட்டுதல்லயும் நல்லாத் தேறினாங்க. லேட்டாப் போனவங்க அந்த அளவுக்கு இல்ல.

வில்லியனூர் விமர்சகன்:
அதை இங்க இழுக்கிறது அநியாயம். அந்தப் பிள்ளைங்களைத் தூக்கிக் கொஞ்சவே ஆளில்ல. இவர் பையனுக்கு அப்பா, அம்மா, ஆயா எல்லாரும் இருக்காங்க. உளவியலாளர் எரிக்சன் 1950-லயே மன வளர்ச்சியை எட்டுக் கட்டமாப் பிரிச்சார், கடைசிக் கட்டம் முதுமை. இந்தப் பையன் இப்போதான் நாலாவதுல கால் வைக்கிறான். 'என்னால முடியும்'னு நம்புறதா, 'நான் எதுக்கும் லாயக்கில்ல'ன்னு சுருங்கிப் போறதான்னு முடிவாகுற வயசு. இப்போ போய் பெத்தவரே கைகழுவினா எப்படி? கோவத்தை அடக்குற மூளையோட முன்பகுதி முதிரவே இருபது வயசு தாண்டணும்.

ஓ.டி.காரன், கடலூர்:
எரிக்சன் அளந்து பார்த்தா சொன்னார்? 'இப்பவே ஒண்ணு, காத்திருந்தா ரெண்டு'ன்னு மிட்டாய் வச்சுப் பார்த்த மார்ஷ்மெல்லோ சோதனையில, நாலு வயசுல மிட்டாயைத் தொடாம பொறுத்திருந்த பிள்ளைங்கதான் பின்னாடி படிப்புல முன்னால நின்னாங்க.

வில்லியனூர் விமர்சகன்:
பழைய கதை. 2018-ல தொள்ளாயிரம் பிள்ளைங்களுக்கு மேல வச்சுத் திரும்பப் பார்த்தாங்க. பொறுமைக்கும் படிப்புக்கும் இருந்த தொடர்பு முதல்லயே பழைய ஆய்வுல வந்ததுல பாதியாத்தான் தெரிஞ்சுது. வீட்டு வருமானம், அம்மாவோட படிப்பு எல்லாத்தையும் கணக்குல சேர்த்ததும் அதுலயும் மூணுல ரெண்டு பங்கு போச்சு. நாளைக்கும் சோறு உண்டுன்னு தெரிஞ்ச பிள்ளை காத்திருக்கும், அவ்வளவுதான்.

பால்வாடி அக்கா, தேவனாம்பட்டினம்:
2004 சுனாமிக்கு அப்புறம் எங்க மையத்துக்கு வந்த பிள்ளைங்க அலைச் சத்தம் கேட்டாலே மடியில ஏறிக்கும். அதுல சிலர் இன்னிக்குப் படகு ஓட்டுறாங்க, சிலர் கரைப்பக்கமே வர்றதில்ல. ஒரே தெரு, ஒரே வயசு. இதுக்கு எந்தக் கட்டம் போடுவீங்க?

தம்பி, பையன் எப்போ தூக்கி அடிக்கிறான்? தூங்காத நாள்லயா, செல்லைப் பிடுங்கும்போதா? வீட்ல வேற யாராச்சும் தூக்கி அடிக்கிறாங்களா?

முத்தியால்பேட்டை அப்பா:
செல்லைப் பிடுங்கும்போதுதான் அதிகம் அக்கா. கடைசிக் கேள்விக்கு இன்பாக்ஸ்ல வரேன்.

ஓ.டி.காரன், கடலூர்:
பாத்தீங்களா, வீட்டு வளர்ப்புதான்னு நான் அப்பவே சொன்னேன்!

வில்லியனூர் விமர்சகன்:
நீங்க சொன்னது அஞ்சு வயசோட கதை முடிஞ்சுதுன்னு. பேச்சை மாத்தாதீங்க.